ஐந்து ஓட்டு: ஆஸ்திரேலிய கிரீன்ஸ் கட்சியும் 2009 கார்பன் மசோதாவும்

ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் வாக்கெடுப்பு என்றால் நான்கு நிமிடம் மணி அடிக்கும். அதற்குள் உறுப்பினர்கள் உள்ளே வந்துவிட வேண்டும். மசோதாவை ஆதரிப்பவர்கள் அவைத் தலைவரின் வலப்பக்கம், எதிர்ப்பவர்கள் இடப்பக்கம். யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதை ஒளிக்க வழியில்லை.

2009 டிசம்பர் 2 அன்று இடப்பக்கம் போய் உட்கார்ந்தவர்களில் பாப் பிரவுன், கிறிஸ்டின் மில்ன், ரேச்சல் சீவர்ட், ஸ்காட் லட்லம், சாரா ஹான்சன்-யங் ஆகிய ஐவர் இருந்தார்கள். கிரீன்ஸ் கட்சிக்கு அன்று செனட்டில் இருந்த மொத்தப் பலமே அந்த ஐவர்தான். அவர்களுக்குப் பக்கத்தில், பருவநிலை மாற்றம் என்பதே கட்டுக்கதை என்று நம்பிய சில வலதுசாரி உறுப்பினர்களும் இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில், ஆளும் லேபர் கட்சியோடு ஜூடித் ட்ரோத், சூ பாய்ஸ் என்ற இரண்டு எதிர்க்கட்சி (லிபரல்) உறுப்பினர்கள் தங்கள் கட்சியை மீறி வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாட்டின் முதல் கார்பன் விலைத் திட்டம் 33க்கு 41 என்ற கணக்கில் தோற்றது. ஐந்து பேர் மட்டும் பக்கம் மாறியிருந்தால் 38க்கு 36.

இந்தக் கழித்தல் கணக்கை ஆஸ்திரேலிய அரசியலில் இன்றுவரை யாரும் மறக்கவில்லை. லேபர் அமைச்சர்கள் கிரீன்ஸை எதிர்த்துப் பேசும்போதெல்லாம் 2009 வந்துவிடும். கிரீன்ஸ்காரர்களும் சளைக்காமல் பதில் சொல்வார்கள்: அது கெட்ட சட்டம், இரண்டே ஆண்டில் அதைவிட நல்லதைக் கொண்டுவந்தோம் என்று. இரு தரப்பும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பார்க்க வேண்டுமானால், அந்த மசோதாவில் என்ன இருந்தது, அதற்குப் பின் வந்த சட்டத்தில் என்ன இருந்தது, எது அழிந்தது, எது தப்பியது என்று வரிசையாகப் போக வேண்டும்.

ஐந்து பேருக்கு ஏன் அவ்வளவு பலம்

டாஸ்மேனியாவில் பெடர் ஏரியை நீர்மின் திட்டத்துக்காக மூழ்கடித்ததை எதிர்த்து 1972ல் உருவான ஐக்கிய டாஸ்மேனியக் குழுவைத்தான் உலகின் முதல் பசுமைக் கட்சி என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். ஏரியை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. பத்து ஆண்டு கழித்து, ஃபிராங்க்ளின் ஆற்றில் அணை கட்டும் திட்டத்தை மறியல் செய்து நிறுத்தினார்கள். 1983ல் நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சாதகமாக 4க்கு 3 என்று தீர்ப்புச் சொல்லி அணையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்த மருத்துவர் பாப் பிரவுன் 1996ல் செனட்டுக்கு வந்தார். தேசியக் கட்சியாக கிரீன்ஸ் 1992லேயே அமைந்துவிட்டது.

இந்தப் பூர்வீகத்தில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. அணை விஷயத்தில் பாதி என்ற பேச்சே இல்லை. ஆறு ஓடும், அல்லது மூழ்கும். சமரசம் என்பது தோல்வியின் இன்னொரு பெயர். கார்பன் விலை அப்படிப்பட்ட விஷயம் அல்ல. அது முழுக்க முழுக்க அளவு சம்பந்தப்பட்டது: எத்தனை சதவீதம், எத்தனை டாலர், எந்த ஆண்டிலிருந்து. ஆற்றங்கரையில் வளர்ந்த கட்சி இந்தக் கணக்குப் பேரத்துக்குள் நுழைந்தபோது பழைய பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தது என்பது என் எண்ணம்.

கீழவையில் கிரீன்ஸ் வெல்வது கஷ்டம். அங்கே ஒரு தொகுதிக்கு ஒருவர்தான். செனட் அப்படியில்லை. ஒவ்வொரு மாநிலமும் ஒரே தொகுதி, விகிதாசார முறை. பத்து சதவீதம் வாங்கினால் ஆள் உள்ளே போகலாம். மொத்தம் 76 இடம், பெரும்பான்மைக்கு 39. 2007 தேர்தலில் கெவின் ரட் தலைமையில் லேபர் ஆட்சியைப் பிடித்தபோது செனட்டில் அதற்கு 32 பேர். கிரீன்ஸின் ஐந்தைச் சேர்த்தால் 37. மீதி இரண்டு பேரைத் தேட வேண்டும். லிபரல்களும் நேஷனல்களும் சேர்ந்த எதிர்க்கட்சிக் கூட்டணியோ ஒரே வீச்சில் 37 பேரைத் தரக்கூடியது. ரட் அரசு யாரிடம் பேரம் பேசப் போனது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

மசோதாவுக்குள்ளே

கார்பன் மாசுக் குறைப்புத் திட்டம் என்பது அதன் பெயர். வேலை செய்யும் விதம் எளிது. நாடு மொத்தமாக எவ்வளவு டன் உமிழலாம் என்று அரசு உச்சவரம்பு வைக்கும். அந்த அளவுக்கு பெர்மிட் அச்சடிக்கும். பெரிய தொழிற்சாலைகளும் மின்நிலையங்களும் உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும். பெர்மிட்டை ஏலத்திலோ சந்தையிலோ வாங்கலாம், விற்கலாம், சேர்த்தும் வைக்கலாம்.

சரி, சிக்கல் எங்கே? முதலில் இலக்கு. 2020க்குள் 2000ஆம் ஆண்டு அளவிலிருந்து 5 சதவீதம் குறைப்பது மட்டும்தான் நிபந்தனையற்ற வாக்குறுதி. உலக நாடுகள் எல்லாம் வலுவாக ஒப்புக்கொண்டால் 25 சதவீதம் வரை போகலாம். கிரீன்ஸ் கேட்டது 25 முதல் 40 சதவீதம். அடுத்து இலவச பெர்மிட். ஏற்றுமதியில் போட்டியிடும் அதிக உமிழ்வுத் தொழில்களுக்கு, உதாரணமாக அலுமினியத்துக்கு, தேவையான பெர்மிட்டில் 94.5 சதவீதம் தொடக்கத்தில் இலவசம். அதற்கு அடுத்த நிலைத் தொழில்களுக்கு 66 சதவீதம். உலகப் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி 2009 மே மாதத்தில் இந்த விகிதங்கள் உயர்த்தப்பட்டன. திட்டம் ஓராண்டு தள்ளிப்போய் 2011 ஜூலையில் தொடங்கும், முதல் ஆண்டில் டன்னுக்கு 10 டாலர்தான் என்றும் அப்போதே முடிவாயிற்று.

ஆகஸ்ட் 13 அன்று செனட் மசோதாவை முதல்முறை தள்ளுபடி செய்தது. நவம்பரில் அமைச்சர் பென்னி வோங்கும் எதிர்க்கட்சித் தரப்பில் இயன் மக்ஃபர்லேனும் உட்கார்ந்து பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். விவசாயம் திட்டத்திலிருந்து முழுவதுமாக விலக்கப்பட்டது. நிலக்கரி மின்நிலையங்களுக்கான ஈடு 7.3 பில்லியன் டாலராக ஏறியது. ஒவ்வொரு சுற்றுப் பேச்சுவார்த்தையிலும் திட்டம் ஒரே திசையில்தான் நகர்ந்தது. எதிர்த் திசையில் இழுக்க ஐந்து ஓட்டு வைத்திருந்தவர்களை மேசைக்கே கூப்பிடவில்லை.

எனக்கு இந்த மசோதாவில் மிகவும் உறுத்தலாகப் பட்டது இலவச பெர்மிட் அல்ல. உச்சவரம்பு ஒரே சமயத்தில் தரையாகவும் வேலை செய்யும் என்பதுதான். ஒரு குடும்பம் கூரையில் சூரியத் தகடு போட்டு மின்சாரத் தேவையைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்நிலையத்தின் உமிழ்வு குறையும். ஆனால் நாட்டின் மொத்த பெர்மிட் எண்ணிக்கை மாறாது. மின்நிலையத்துக்குத் தேவைப்படாத பெர்மிட்டை ஒரு சிமெண்ட் ஆலை வாங்கிக்கொள்ளும். மக்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் நாட்டின் கணக்கு அதே இடத்தில் நிற்கும். 5 சதவீதம் போன்ற சின்ன இலக்கில் இது பெரிய ஓட்டை. விமர்சனம் வலுத்ததும், மக்கள் காசு கொடுத்து வாங்கும் பசுமை மின்சாரத்தை எதிர்கால வரம்பு நிர்ணயத்தில் கணக்கில் எடுப்பதாக அரசு ஒட்டுப் போட்டது. ஓட்டை முழுவதும் அடைபடவில்லை.

அப்புறம் இன்னொன்று. உச்சவரம்பை ஐந்து ஆண்டு முன்னதாகவே அறிவித்துவிட வேண்டும் என்பது வடிவமைப்பு. முதலீட்டாளர்களுக்கு நிச்சயம் வேண்டும் என்பது அதற்கான வாதம். கிரீன்ஸ் இதைத்தான் பலமாகப் பிடித்துக்கொண்டது. மோசமான இலக்கைச் சட்டத்தில் எழுதி, அதன் மேல் சொத்து மாதிரியான பெர்மிட்டுகளையும் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் நல்ல அரசுகூட அதை இறுக்க முடியாது, இறுக்கினால் நஷ்டஈடு கொடுக்க வேண்டிவரும் என்றார்கள். தோல்வியைப் பூட்டி வைக்கும் சட்டம் என்பதுதான் அவர்களின் வாதம். படித்துப் பார்த்தால் நியாயமான வாதம்.

டிசம்பர் 1 அன்று எல்லாம் கவிழ்ந்தது. உடன்பாட்டை ஆதரித்த எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் டர்ன்புல்லை டோனி அபாட் 42க்கு 41 என்று ஒரே ஓட்டில் தோற்கடித்தார். மறுநாள் காலை உடன்பாடு காகிதமாகிவிட்டது. லேபருக்கு 32 பேரும், கட்சியை மீறத் தயாராக இருந்த இரண்டு லிபரல்களும்தான் மிச்சம்.

அந்த ஒரு நாள் இடைவெளியில் அரசாங்கம் கிரீன்ஸைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். பேசவில்லை. கிரீன்ஸும், வலதுசாரிகளைத் திருப்திப்படுத்தப் பலவீனமாக்கப்பட்ட மசோதாவை, அதே வலதுசாரிகள் கைவிட்ட பிறகு நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று நினைத்தது. மனித இயல்பாகப் பார்த்தால் புரிகிறது.

அதற்குப் பிறகு ஆறு மாதம்

2010 ஜனவரியில் கிரீன்ஸ் ஒரு மாற்று யோசனையோடு வந்தது. பொருளாதார வல்லுநர் ராஸ் கார்னோ முன்பு சொல்லியிருந்த வழியை ஒட்டி, இலக்குச் சண்டையை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு ஆண்டுக்கு டன்னுக்கு 20 டாலர் என்று நிலையான விலை வைப்போம் என்றது. இது அரசின் முதலாண்டு விலையைப் போல இரண்டு மடங்கு என்றாலும், எளிமையான, பேசி முடிக்கக்கூடிய யோசனை. அரசு கண்டுகொள்ளவில்லை.

இரண்டு முறை செனட் தள்ளுபடி செய்த மசோதாவை வைத்து இரு சபைகளையும் கலைத்துத் தேர்தலுக்குப் போகும் உரிமையும் ரட்டுக்கு இருந்தது. அதையும் அவர் எடுக்கவில்லை. கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாடு சொதப்பிய பிறகு வேகம் போய்விட்டது. ஏப்ரல் கடைசியில் திட்டத்தை 2012க்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். பருவநிலை மாற்றத்தை இந்தத் தலைமுறையின் பெரிய தார்மீகச் சவால் என்று வர்ணித்தவரே இப்படிச் செய்ததும் அவருடைய மதிப்பு சரிந்தது. ஜூன் 24 அன்று அவருடைய கட்சியைச் சேர்ந்த ஜூலியா கில்லார்டே அவருக்குப் பதிலாகப் பிரதமரானார்.

கிரீன்ஸ் மேல் பழி போடுபவர்கள் இந்த ஆறு மாதத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். டிசம்பர் 2 அன்று கதவு சாத்தப்பட்டது உண்மை. ஆனால் ஜனவரியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது, கலைப்பு என்ற இன்னொரு வழியும் இருந்தது. அவற்றை மூடியது கிரீன்ஸ் அல்ல.

இரண்டாவது வாய்ப்பு

2010 ஆகஸ்ட் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. கீழவையில் லேபருக்கும் கூட்டணிக்கும் தலா 72. மெல்பர்ன் தொகுதியில் ஆடம் பேண்ட் வென்றார், பொதுத் தேர்தல் வழியாகக் கீழவைக்கு வந்த முதல் கிரீன்ஸ் உறுப்பினர் அவர். செனட்டில் கட்சியின் பலம் ஒன்பதானது. இப்போது கிரீன்ஸ் இல்லாமல் லேபர் ஆட்சி அமைக்க முடியாது. செப்டம்பர் 1 அன்று இரு கட்சிகளும் எழுத்து வடிவில் ஒப்பந்தம் போட்டன. ஓராண்டுக்கு முன் மேசைக்கே அழைக்கப்படாதவர்கள், கார்பன் விலையை வடிவமைக்கும் பல கட்சிக் குழுவில் சுயேச்சைகளான டோனி விண்ட்சர், ராப் ஓக்‌ஷாட் ஆகியோரோடு உட்கார்ந்தார்கள்.

2011 நவம்பர் 8 அன்று தூய ஆற்றல் சட்டத்தொகுப்பு செனட்டில் 36க்கு 32 என்று நிறைவேறியது. 2012 ஜூலை 1 முதல் டன்னுக்கு 23 டாலர், பின்னர் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறி, 2015ல் சந்தை விலைக்கு மாறும். 2050 இலக்கு 60லிருந்து 80 சதவீதமானது. வசூலான பணத்தில் பெரும்பகுதி மக்களுக்கே திரும்பியது. வருமான வரி விலக்கு வரம்பு ஒரேயடியாக 6,000 டாலரிலிருந்து 18,200 டாலருக்கு ஏறியது. கார்பன் விலை போய்ப் பல வருடம் ஆகியும், அந்த 18,200 இன்னும் ஆஸ்திரேலியர்களின் வரிப் படிவத்தில் இருக்கிறது. அது எந்தச் சட்டத்தின் மிச்சம் என்பது பலருக்கு நினைவிருக்காது.

இப்போது 2009 மசோதாவையும் 2011 சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் குத்துகிறது. அதிக உமிழ்வுத் தொழில்களுக்கு இலவச பெர்மிட்: 2009ல் 94.5 சதவீதம், 2011லும் 94.5 சதவீதம். இரண்டாம் நிலைக்கு 66 சதவீதம், அதுவும் அப்படியே. நிலக்கரி மின்நிலையங்களுக்கு 5.5 பில்லியன் டாலர் ஈடு. 2020க்கான நிபந்தனையற்ற 5 சதவீத இலக்கும் உடனே மாறவில்லை. விவசாயமும் வெளியேதான். எதை ஏற்க முடியாது என்று 2009ல் உரக்கச் சொன்னார்களோ, அதில் பெரும்பகுதியை இரண்டு ஆண்டு கழித்துக் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

அதே காலத்தில் சுரங்க லாப வரியிலும் இதுதான் நடந்தது. பெரிய சுரங்க நிறுவனங்களோடு பேசி லேபர் நீர்த்துப்போகச் செய்த வரி, கிரீன்ஸ் அதைப் பலமாகக் கண்டித்தது, 2012 மார்ச்சில் ஆதரித்தே வாக்களித்தது. ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்ற கணக்கு. ஆக, 2009ல் இல்லாத நெகிழ்வு 2011ல் வந்துவிட்டது. எண்கள் மாறவில்லை, உட்கார்ந்த இடம் மாறியது.

அப்படியானால் 2011ல் கிரீன்ஸ் என்னதான் சம்பாதித்தது? விலையைச் சுற்றி எழுப்பிய நிறுவனங்களை. 10 பில்லியன் டாலர் முதலோடு தூய ஆற்றல் நிதிக் கழகம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை, உச்சவரம்பை அரசுக்குப் பரிந்துரைக்கும் சுதந்திரமான பருவநிலை மாற்ற ஆணையம். மூன்றும் தனித்தனிச் சட்டம் கொண்டவை. இலக்கை அமைச்சரவை அறையிலிருந்து எடுத்து நிபுணர்கள் கையில் கொடுத்ததுதான் 2009க்கும் 2011க்கும் உள்ள உண்மையான வித்தியாசம்.

எது செத்தது, எது பிழைத்தது

என் தலைமையிலான அரசில் கார்பன் வரி இருக்காது என்று தேர்தலுக்கு முன் கில்லார்ட் சொல்லியிருந்தார். அபாட் மூன்று ஆண்டு அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அரசியல் நடத்தினார். 2013 செப்டம்பர் 7 அன்று வென்றார். 2014 ஜூலை 17 அன்று செனட் 39க்கு 32 என்று கார்பன் விலையை ரத்து செய்தது. அது உயிரோடு இருந்தது இரண்டு ஆண்டும் சில நாளும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மதிப்பீட்டில், அந்த இரண்டு ஆண்டில் மின்துறை உமிழ்வு 11 முதல் 17 மில்லியன் டன் வரை குறைந்தது. வேலை செய்த திட்டம்தான்.

நிதிக் கழகத்தையும் ஒழிக்க அபாட் அரசு மசோதா கொண்டுவந்தது. செனட் இரண்டு முறை மறுத்தது. சுரங்க முதலாளி கிளைவ் பால்மர் புதிதாகத் தொடங்கிய கட்சியின் செனட்டர்கள்தான் அங்கே துருப்புச் சீட்டு. அவர் 2014 ஜூனில் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோரை மேடையில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கார்பன் விலை போகட்டும், நிதிக் கழகம் இருக்கட்டும் என்றார். நிலக்கரிச் சுரங்கக்காரர் பசுமை வங்கியைக் காப்பாற்றிய அந்தக் காட்சியை எந்தக் கட்சி மாநாட்டிலும் யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. இன்று அந்தக் கழகத்தின் கையில் 30 பில்லியன் டாலருக்கு மேல் இருக்கிறது. பருவநிலை மாற்ற ஆணையம் பல ஆண்டு ஆள் இல்லாமல் மெலிந்து கிடந்தாலும் சாகவில்லை.

விலை ஏன் அவ்வளவு சுலபமாகச் செத்தது? 2011 சட்டத்தில் முதல் மூன்று ஆண்டு நிலையான விலை. அந்தக் காலத்தில் பெர்மிட்டைச் சேர்த்துவைக்க முடியாது. வாங்கி அந்த ஆண்டுக்கே ஒப்படைத்துவிட வேண்டும். அதனால் 2014ல் ரத்து செய்தபோது, ஐயோ என் பெர்மிட்டின் மதிப்பு போகிறதே என்று கத்த ஒரு நிறுவனமும் இல்லை. நஷ்டஈடு கேட்க யாரும் இல்லை. 2009 மசோதா நிறைவேறியிருந்தால் 2011ல் தொடங்கி, ஓராண்டு கழித்து சந்தைக்குப் போயிருக்கும். அபாட் ஆட்சிக்கு வரும்போது வங்கிகள், மின் நிறுவனங்கள், அலுமினிய ஆலைகள் எல்லாரிடமும் விலைமதிப்புள்ள பெர்மிட் குவிந்திருக்கும். அவர்களில் பாதிப் பேராவது திட்டத்தைத் தொடாதே என்று சொல்லியிருப்பார்கள்.

கிரீன்ஸ் 2009ல் சொன்னது சரிதான்: அந்தச் சட்டத்தை இறுக்குவது கடினம். ஆனால் இறுக்குவதற்குக் கடினமானது அழிப்பதற்கும் கடினம். பூட்டு இரண்டு பக்கமும் வேலை செய்யும். கட்சி ஒரு பக்கத்தை மட்டும் கணக்கில் எடுத்தது. நாளை நம்மைவிட நல்லவர்கள் வருவார்கள் என்ற அனுமானத்தில் சட்டத்தை எடை போட்டார்கள். முந்தைய நாள்தான் அபாட் தலைவராகியிருந்தார் என்பதை நினைத்தால் அந்த அனுமானம் விசித்திரமாகத் தெரிகிறது.

எதிர்வாதமும் உண்டு, லேசில் தள்ள முடியாதது. 2009 மசோதா நிறைவேறியிருந்தால் 2011ன் நிறுவனங்கள் வந்திருக்காது. இன்றைக்கு 30 பில்லியன் டாலரோடு நிற்கும் வங்கி இல்லை, ஆணையம் இல்லை. 5 சதவீத இலக்கோடு, விலை அடிமட்டத்தில் கிடக்கும் சோம்பேறிச் சந்தை ஒன்று இருந்திருக்கலாம். ஐரோப்பியச் சந்தையில் பெர்மிட் விலை 2013 வாக்கில் எப்படி விழுந்து கிடந்தது என்று பார்த்தவர்களுக்கு இது கற்பனை அல்ல. அதே ஐரோப்பியச் சந்தை பின்னாளில் சீர்திருத்தப்பட்டு விலை பல மடங்கு ஏறியதும் உண்மை. இறுக்கவே முடியாது என்று சொன்ன வகைச் சட்டத்தை அங்கே இறுக்கிக் காட்டினார்கள். என் தராசு, கொஞ்சம்தான் என்றாலும், 2009ல் ஆதரித்திருக்க வேண்டும் என்ற பக்கம் சாய்கிறது.

பழைய காயத்தோடு புதிய பேரம்

2022ல் லேபர் மறுபடி ஆட்சிக்கு வந்தது. கிரீன்ஸுக்குக் கீழவையில் நான்கு இடம், செனட்டில் 12. ஆன்டனி ஆல்பனீஸி அரசின் இலக்கு 2005ஐ ஒப்பிட்டு 2030க்குள் 43 சதவீதம். கிரீன்ஸ் கேட்டது 75. வித்தியாசம் 2009ஐப் போலவே பெரிது. ஆனாலும் ஆகஸ்டில் கட்சித் தலைவராக இருந்த பேண்ட் ஆதரிப்பதாக அறிவித்தார். இலக்கை ஏற்ற முடியும், இறக்க முடியாது என்ற மாதிரியான திருத்தங்களைப் பெற்றுக்கொண்டார்கள்.

2023 மார்ச்சில் அடுத்த கட்டம். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் உமிழும் சுமார் 215 ஆலைகளும் சுரங்கங்களும் ஆண்டுதோறும் 4.9 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற திட்டம். புதிய நிலக்கரி, எரிவாயுத் திட்டங்களுக்கு முழுத் தடை வேண்டும் என்று தொடங்கிய கிரீன்ஸ், தடை கிடைக்காமல், மொத்த உமிழ்வு 140 மில்லியன் டன்னைத் தாண்டக் கூடாது என்ற கடின வரம்போடு வெளியே வந்தது. மரக்கன்று நட்டுக் கணக்குக் காட்டி அந்த வரம்பைத் தாண்ட முடியாது. 2009ல் இந்தக் கட்சிக்கு இப்படி ஒரு பாதிவழி கண்ணில் பட்டிருக்காது.

வீட்டு வசதி விஷயத்தில் மட்டும் பழைய பாணி திரும்பியது. 10 பில்லியன் டாலர் வீட்டு நிதி மசோதாவை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் கூடுதலாக ஒரு பில்லியனை வாங்கிக்கொண்டு 2023 செப்டம்பரில் விட்டார்கள். பேரமாகப் பார்த்தால் லாபம். ஆனால் முட்டுக்கட்டைக் கட்சி என்று லேபர் சொல்ல நினைத்ததற்குக் கையில் ஆதாரத்தையும் கொடுத்துவிட்டார்கள்.

2025 மே 3 தேர்தலில் நான்கில் மூன்று கீழவை இடம் போனது. மெல்பர்னில் பேண்டே தோற்றார். முட்டுக்கட்டை போட்டதற்கு மக்கள் தந்த தண்டனை என்று உடனே எழுதித் தள்ளினார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நாடு தழுவிய ஓட்டு சுமார் 12 சதவீதம், 2022ஐ ஒட்டிய அளவுதான். மாறியது விருப்ப வாக்குகளின் ஓட்டம். ஆஸ்திரேலியாவில் வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார்கள், பின்தங்கியவர் விலக்கப்பட்டதும் அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். பிரிஸ்பேனின் கிரிஃபித் தொகுதியில் 2022ல் லேபர் மூன்றாவது இடம், அதன் விருப்ப வாக்குகள் கிரீன்ஸைத் தூக்கிவிட்டன. 2025ல் லிபரல்கள் தேய்ந்து மூன்றாவது இடத்துக்குப் போனதும், அவர்களின் வாக்குகள் லேபருக்குப் பாய்ந்தன. 2010ல் பேண்ட் முதல்முறை மெல்பர்னில் வென்றதே லிபரல் விருப்ப வாக்குகளால்தான். அந்தக் கதவு மறுபக்கம் திறந்துகொண்டது, அவ்வளவே. செனட் கணக்கோ கிரீன்ஸுக்கு இன்னும் சாதகமாயிற்று. ஒரு உறுப்பினர் லேபருக்குத் தாவிய பிறகு லேபர் 29, கிரீன்ஸ் 10. கூட்டினால் துல்லியமாக 39.

செப்டம்பரில் அரசு 2035க்கான இலக்கை 62 முதல் 70 சதவீதம் என்று அறிவித்தது. பரிந்துரைத்தது 2011ல் பிறந்த அதே பருவநிலை மாற்ற ஆணையம். இப்போது அதன் தலைவர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முன்னாள் லிபரல் அமைச்சர் மேட் கீன். போதாது என்று கிரீன்ஸ் கண்டித்தது. தாங்கள் பெற்ற பிள்ளை சொன்ன எண்ணையே தாங்கள் எதிர்க்கும் நிலை.

நவம்பர் கடைசியில், 1999ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தைச் சீர்திருத்தும் மசோதா. அமைச்சர் மரே வாட் இரண்டு பக்கமும் பேசினார்: கூட்டணியிடமும் கிரீன்ஸிடமும். யார் முதலில் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்கள் விருப்பப்படி சட்டம் அமையும். 2009ல் ரட் இந்த ஏலத்தை நடத்தவில்லை. லாரிஸ்ஸா வாட்டர்ஸ் தலைமையில் கிரீன்ஸ் முந்திக்கொண்டது. பேரத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சாரா ஹான்சன்-யங், 2009ல் இடப்பக்கம் உட்கார்ந்த ஐவரில் இன்னும் செனட்டில் இருப்பவர் அவர் மட்டும். புதிய திட்டங்களை அனுமதிக்கும்போது பருவநிலைப் பாதிப்பையும் எடைபோட வேண்டும் என்ற அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை கிடைக்கவில்லை. நிலக்கரி, எரிவாயுத் திட்டங்களுக்கு விரைவு அனுமதி கிடையாது என்பது கிடைத்தது. தேசியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கிடைத்தது. மாநிலங்களோடு போட்ட வன ஒப்பந்தங்களின் கீழ் இயற்கைக் காடுகளை வெட்டுவதற்கு இருந்த சட்ட விலக்கு 18 மாதத்தில் முடிவுக்கு வரும் என்பதும் கிடைத்தது.

18 மாதம் என்றால் 2027 நடுப்பகுதி. அடுத்த தேர்தல் 2028 மே மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். கார்பன் விலைக்குத் தேர்தலுக்கு முன் 14 மாதம் வேரூன்ற நேரம் கிடைத்தது, அது போதவில்லை. இந்த விலக்கு நீக்கத்துக்கு அதிகபட்சம் ஓராண்டைக்கூட எட்டாத அவகாசம்தான். முகமைக்கு அதற்குள் ஆளும் பணமும் அலுவலகமும் சேர்ந்துவிடும். காட்டுக்கு அப்படிச் சேர ஒன்றுமில்லை.